விழலுக்கு இறைத்தவர்

முதல் குற்றம்: ஜனவரி பன்னிரண்டு, பதினேழாம் எண் வீட்டு மதிலோரம் வளரும் விழற்புல், நகர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘களை’ என்று எழுதப்பட்டது. இரண்டாம் குற்றம்: ஜனவரி பத்தொன்பது, அதே புல்லுக்குள் பாம்பு இருப்பதாக ஆதாரமில்லாத வதந்தி பரப்பப்பட்டது. மூன்றாம் குற்றம்: பிப்ரவரி மூன்று, பூத்து நின்ற வெள்ளைக் கதிர்கள் நாற்பத்தொன்று வெட்டப்பட்டுச் சாக்கடையில் போடப்பட்டன. நான்காம் குற்றம்: பிப்ரவரி இருபது, புல் எல்லை தாண்டாதிருக்கப் புதைத்திருந்த கடப்பைக் கற்களில் இரண்டு பிடுங்கப்பட்டன. ஐந்தாம் குற்றம்: மார்ச் முதல் வாரம் தொடங்கி வேரில் நஞ்சு ஊற்றப்பட்டுப் பன்னிரண்டடி வரிசையில் ஏழடி கருகியது. ஐந்தும் ஒரே கையின் வேலை. ஆறாவதாக நோட்டீஸில் எதுவும் எழுதியிருக்கவில்லை, ஒரு வெறும் கோடு மட்டும், அதன் கீழே: குற்றவாளியின் பெயர் ஞாயிறு காலைக் கூட்டத்தில் சாட்சிகள் முன் வாசிக்கப்படும்.

மருதாசலம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. இப்போது மூன்றாவது நடந்துகொண்டிருந்தது, நாய்கள். ஐம்பது பிரதி, நேற்றே வீடு வீடாகக் கதவிடுக்கில் சொருகியாயிற்று, தன் கையாலேயே, எழுபத்திரண்டு வயதில். ‘ஆதாரமில்லாத வதந்தி பரப்பப்பட்டது’ என்ற வரி நன்றாக விழுந்திருந்தது, நாற்பது வருடத்துக்குமுன் மில் தொழிற்சங்கத்துக்கு எழுதிய எந்த நோட்டீஸுக்கும் அது சளைத்ததில்லை. ‘ஐந்தும் ஒரே கையின் வேலை’ என்பதை எழுதியபோதும் நன்றாகத்தான் இருந்தது. எழுதிவிட்டு ஒரு டீ குடித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குத் துண்டறிக்கைகள்தான் பள்ளிக்கூடம். மில் வாசலில் பொறுக்கி, எழுத்துக்கூட்டி, பிறகு அவரே எழுதி, பிறகு மற்றவர்கள் அவருடையதை எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி ஆனவர். பெயர் வாசிப்பும் அங்கே வந்த வழக்கம்தான். காட்டிக்கொடுத்தவன் செய்ததை எல்லாம் தேதி பிசகாமல் வரிசையாக அடித்து, பெயர் வரும் இடத்தில் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க ஷிப்டு ஷிப்டாக அந்தக் கோட்டைக் கைமாற விடுவது. ஒவ்வொருத்தனும் அதில் தன் பெயரை வைத்துப் பார்த்துக்கொள்வான். மறுநாள் வாசலில் இரண்டு சாட்சிகளை எழுப்பி நிறுத்திப் பெயர் வாசிக்கப்படும். வாசித்த பிறகு அவனோடு யாரும் பேசக்கூடாது, பீடிக்கு நெருப்புத் தரக்கூடாது, சாவுக்குப் போகக்கூடாது. அடி கிடையாது, உதை கிடையாது, சும்மா பேசாமல் இருப்பது, அவ்வளவுதான். மற்றவர்கள் ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துத் தளர்ந்து போவார்கள், டீக்கடையில் ஜாடையாக ஒரு வார்த்தை, கல்யாணத்தில் ஒரு கும்பிடு. மருதாசலம் தளர்ந்ததில்லை. பதினோரு பெயர் வாசித்திருக்கிறார், பதினோரு பேரோடும் இன்றுவரை ஒரு சொல் இல்லை, அதில் ஏழு பேர் செத்தும் போனார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி வரும், சேலை நெய்தவன் முந்தியைத் தடவிக் காட்டுவதுபோல.

“மூணாவது வீதி நாய் யாரையுமே கடிக்கறதில்லீங்க,” என்று யாரோ சொன்னார்கள். “அது ஆளப் பாத்துத்தான் கொரைக்குது.” “அப்ப என்னையப் பாத்து ஏன் கொரைக்குதுங்கறேன்?” “நீங்க சந்தா கட்டலைல்லோ!” சிரித்தார்கள். செயலாளர் கோவர்த்தனன், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து நோட்டில் ஒரு டிக் போட்டார். போட்டுவிட்டு ஏழாவது வரியை ஓரக்கண்ணால் பார்த்தார். நேற்று நோட்டீஸ் கிடைத்ததிலிருந்தே அந்த ஆளுக்குத் தூக்கம் இருந்திருக்காது. இருக்கட்டும். முதல் நான்கு குற்றமும் அவருடையவைதான். ‘களை’ என்று எழுதியது அவர், பாம்பு என்று கிளப்பியது அவர், தோட்டக்காரனை ஏவிக் கதிர் வெட்டியதும் கல் பிடுங்கியதும் அவர். ஐந்தாவதும் அவர்தான் என்று இன்று காலை எட்டு மணிவரை மருதாசலம் சத்தியம் செய்திருப்பார். எட்டு மணிக்கு அந்தப் பருக்கை. ஒரு சோற்றுப் பருக்கை. அதை நினைக்க வேண்டாம் என்று நோட்டீஸை மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார், ஐந்தாவதில் மறுபடியும் பருக்கை வந்து உட்கார்ந்துகொண்டது.

புல் வளர்ப்பது அழகுக்காக என்று இந்த நகரில் எல்லோரும் நினைத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. குளத்துக் கரையிலிருந்து கிழங்கோடு பெயர்த்து வந்து, மதிலோரம் முழ ஆழம் வெட்டி, பரவாமலிருக்க இருபுறமும் கடப்பைக் கல் இறக்கி, சாணுக்கு ஒன்றாக நட்டது ஆறு வருடத்துக்குமுன். மற்ற வீட்டு வாசல்களில் கொரியாப் புல்லும் பிளாஸ்டிக் புல்லும் இருக்க, இது இடுப்பளவு எழுந்து, மார்கழிப் பனியில் நுனி செம்பாகச் சிவந்து, தை பிறந்தால் வெள்ளிக் கதிர் தள்ளும். காற்றடித்தால் முழு வரிசையும் ஒரே பக்கமாகச் சாயும், கொடி ஊர்வலம் திரும்புவதுபோல. பங்குனியில் ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால் சித்திரையில் புதுசு. விவசாயக் கல்லூரிப் பையன் ஒருவன் வழியில் நின்று பார்த்துவிட்டு, “ஒரு வருசம் வேர் பிடிச்சிருச்சுன்னா இதுக்குத் தண்ணியே வேண்டாங்கய்யா, வானம் பாத்துக்கும்” என்றான். அவருக்கும் தெரியும். தெரிந்துதான் இறைத்தார். மில் இருந்த இதே மண்ணில், பதின்மூன்று மாத வேலைநிறுத்தம் முறிந்த அன்று, ஆபீசர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டான்: “என்ன மருதாசலம், எல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணியாப் போச்சே?” அன்று வாயில் பதில் வரவில்லை. பதில் வராதது அதுதான் முதல் தடவை. மில்லை இடித்து மனை போட்டபோது பழைய தொழிலாளிகளுக்கென்று ஒதுக்கிய பதினொரு மனைகளில் பத்து கைமாறிப் போய், இவர் ஒருவர் மட்டும் பிடிவாதமாக வீடு கட்டி உட்கார்ந்து, ஆபீசர் நின்ற மாடிக்கு நேர்கீழே என்று தானே கணக்குப் போட்ட இடத்தில் விழலை நட்டு, தினமும் நாலு குடம் தண்ணீர் ஊற்றி வந்தார். விழலுக்குத்தான் இறைக்கிறேன், வந்து பாருடா. ஆபீசர் செத்து இருபது வருடம். அதனால் என்ன, பதிலுக்குக் காலாவதி உண்டா? ஊற்றினார் என்றால், வலது தோள் போலீஸ் தடியில் போனது, குடம் தூக்காது. தூக்கியது அவர் மனைவி. நிலத்தடித் தொட்டியிலிருந்து மொண்டு, படி ஏறி, மதிலைச் சுற்றி, நாலு குடம். அவர் நின்று எங்கே ஊற்ற வேண்டும் என்று கையைக் காட்டுவார்.

இந்த வருடம் மாசியிலேயே வெயில் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை. லாரித் தண்ணீர் வாங்கக்கூடாது, தண்ணீரை விற்பவன் நாளைக்கு மூச்சை விற்பான் என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த வாக்கியமும் நன்றாக விழுந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் துணி அலசி, துணி அலசிய தண்ணீரில் கக்கூஸ் கழுவி, நாலு குடம் மட்டும் நல்ல தண்ணீராகப் புல்லுக்குப் போயிற்று. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, அவள் நின்று கேட்டாள்: “ஏனுங்க, இன்னைக்கு ஒரு கொடத்த நான் தலைக்கு ஊத்திக்கறனே. பதனஞ்சு நாளாச்சு, தல நாறுது.” அவர் செய்தித்தாளிலிருந்து நிமிராமல், “நாளைக்குக் கொழா வரும்” என்றார். நாளைக்கு வரவில்லை. நாளை மறுநாளும். அவள் மறுபடி கேட்கவில்லை. எதையும் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நாலு குடம் மட்டும் தவறாமல் புல்லுக்கு வந்தது, அதையும் அவர் கவனித்து மனத்துக்குள் மெச்சிக்கொண்டார், கட்டுப்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. பிறகு மார்ச்சில் புல் கருக ஆரம்பித்தது, சமையலறைச் சன்னல் பக்கமிருந்து. அந்தப் பக்கம்தான் கோவர்த்தனன் வீடும். அங்கேதான் கண் போயிற்று. சன்னலுக்குப் போகவில்லை.

காலை எட்டு மணிக்கு, கூட்டத்தில் காட்ட ஒரு பிடி கருகிய வேரும் மண்ணும் எடுக்கலாமென்று குந்தி உட்கார்ந்தார். களைக்கொல்லி வாடை அடிக்கும் என்று மோந்தால் ஒன்றும் இல்லை. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கல்லுப்பு. விரல் இன்னும் ஒரு அங்குலம் தோண்டியது, வேண்டாம் என்று அப்போதே எழுந்திருக்கலாம், ஆனால் பதினோரு பெயர் கண்டுபிடித்த விரல் அது. வேருக்கடியில் சோற்றுப் பருக்கை. தடித்தது, உருண்டை, நடுவில் சிவப்புக் கீற்று. ரேஷன் அரிசி. இந்த நகரில் மற்ற ஐம்பது வீட்டிலும் பொன்னி, பாசுமதி, என்னென்னவோ. ரேஷன் அரிசி தின்பது ஒரே வீடு, தொழிலாளி தின்ற அரிசியைத்தான் சாகும்வரை தின்பேன் என்று சொன்னவரின் வீடு. சோறு வடித்த கஞ்சி, கொதிக்கக் கொதிக்க, உப்பு அள்ளிப் போட்டு, சன்னல் வழியாக, தினமும். தன் கொள்கையே பருக்கையாக வந்து சாட்சி சொல்கிறது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே போய், “கஞ்சித்தண்ணிய எங்க ஊத்தற?” என்று கேட்டார். அவள் தட்டில் இட்லி வைத்துக்கொண்டே, “ஊத்தற எடத்துலதான்” என்றாள். மூன்று இட்லி. அவரும் தின்றார். தின்றிருக்கக்கூடாது.

“அஞ்சாவது, மோட்டார் ரிப்பேர்,” என்றார் கோவர்த்தனன். “மருதாசலம் அண்ணா, உங்களுது ஏழாவதுங்க. அதுவரைக்கும் ஒரு டீ சாப்புடுங்க.” பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அண்ணனுக்கு முன்னாடியே வுட்ருங்க சார், பேரச் சொல்லிப்போட்டார்னா ஆளாளுக்கு நிம்மதியாச் சோத்துக்குப் போவோம்!” பெண்கள் வரிசையிலும் சிரிப்பு. அவர் மனைவியும் சிரித்தாள். பத்தொன்பதாம் எண் வீட்டு ஜெயசித்ராவின் தோளில் கைபோட்டு, வாயைப் பொத்தி, உடம்பு குலுங்க. வீட்டில் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அறுபத்தெட்டு வயதில், முழங்காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு, இங்கே அவளுக்கு நாலு பெண்கள் வாய்த்திருக்கிறார்கள், சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நடக்க, மருமகள்களைத் திட்ட. அவள் சொல்லும் கைவைத்தியத்துக்கு எம்.ஏ. படித்தவர்கள் கேட்டு நிற்கிறார்கள். அக்கா அக்கா என்கிறார்கள். பெயர் வாசித்தால் என்ன செய்வார்கள்? இவர்கள் மில்காரர்கள் இல்லை, பேசாமல் இருக்க மாட்டார்கள். பேசுவார்கள். புருசனுக்குத் தெரியாமல் உப்புக்கஞ்சி ஊற்றிய கதையை வாட்ஸ்அப்பில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள், அக்கா வரும்போது நிறுத்துவார்கள். அது அவள் பாடு. ஆனால் வழக்கப்படி பேசாமலிருக்கப் போவது ஒருவர். ஒரு வீட்டுக்குள், இரண்டு பேர், ஒரு சமையலறை, ஒரு மாத்திரை டப்பா. யார் முதலில் சாவார்களோ அதுவரை. தன்னால் முடியுமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. முடியும். அதுதான் பயம்.

கோவர்த்தனன் பெயரை வாசித்துவிட்டால்? நாலு குற்றம் உண்மை, ஒன்று பொய். எவனுக்குத் தெரியும்? பருக்கை பையில் இருக்கிறது, வாயில் போட்டு விழுங்கினால் தீர்ந்தது. ஆனால் தெரிந்தே பொய்யாக ஒரு பெயர் வாசித்ததில்லை, அது ஒன்றுதான் இந்தக் கிழட்டு உடம்பில் மிச்சமிருக்கிற சொத்து. தெரிந்தே. அந்தச் சொல்லில் போய்த் தட்டிற்று. ஒன்பதாவது பெயர் வெள்ளியங்கிரி, கூடப்பிறந்த தம்பி. மறியல் நடக்கும் நேரத்தை ஆபீசில் போய்ச் சொன்னவன் அவன் என்று வாசித்தார். தம்பி என்றுகூடப் பார்க்காமல் வாசித்தான்யா என்று ஊரே பேசிற்று. அந்தப் பெருமையில் வீட்டுக்கு வந்தால், ஆறு மாதத்துப் பிள்ளை கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்த மனைவி, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “கொழுந்தன் அன்னைக்குப் பூராவும் என்னோட ஆஸ்பத்திரியிலதான் இருந்தாப்ல. ரத்தம் குடுத்தாப்ல. ஆபீசுக்கு எப்பங்க போனாப்ல?” அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, யோசிக்கவே இல்லை. “வாசிச்சது வாசிச்சதுதான்” என்றார். வாசிக்கும்போது தெரியாது, ஆகவே தெரிந்தே அல்ல. முப்பத்தொரு வருடம் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறார். வெள்ளியங்கிரி செக்யூரிட்டி வேலை பார்த்துச் செத்தான். இவர் போகவில்லை. அவள் போய்வந்து, வாசலில் தலைமுழுகிவிட்டு, கேட்காமலே சொன்னாள்: “மூஞ்சி உங்களாட்டவே இருந்துது.”

“ஆறாவது, குப்பை வண்டி. இத அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாங்களா?” “வெச்சுக்கலாம், வெச்சுக்கலாம்.” யாருக்கும் குப்பை வேண்டியிருக்கவில்லை, எல்லோர் கண்ணும் அவர்மேல். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்து, நாற்காலி நாற்காலியாகக் கைவைத்து, எல்லோரும் பார்க்க அவரிடம் வந்து, டம்ளரையும் மாத்திரையையும் நீட்டினாள். “பதனொரு மணி மாத்தரைங்க.” அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. அவள் குனிந்து, டம்ளரை வாங்குகிற சாக்கில், அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: “பேரு தெரிஞ்சு போச்சுங்களா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறமென்ன, வாசிங்க. கொழுந்தனுக்கு வாசிச்சாப்பல நல்லாச் சத்தமா. பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்கோணும்.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கெஞ்சியிருந்தால், ஒரு சொட்டுக் கண்ணீர், இந்த ஒருதடவை விட்டுடுங்க என்று ஒரு வார்த்தை, விட்டிருப்பாரோ என்னவோ. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துவிட்டு, விசாரணை முடியவில்லை என்று சொல்லி, நாலு பேர் சிரிக்க வீட்டுக்குப் போயிருப்பாரோ என்னவோ. இல்லை. போயிருக்க மாட்டார். அவளுக்கும் அது தெரிந்துதான் கெஞ்சவில்லை. நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்து அவரிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அடி வாங்குவது. அதற்காக அவள்மேல் ஒரு மரியாதையும், மரியாதைக்கு மேலேயே ஒரு கொடூரமான ஆத்திரமும் வந்தன. எனக்கே சவாலா? பதின்மூன்று மாதம் ஆலையை நிறுத்தியவனுக்கு, ஒரு குடம் தண்ணீருக்காகவா? ஒரு குடம் என்று நினைத்ததும் பதினைந்து நாள் தலைக்கு ஊற்றாத அந்த வாடை, பக்கத்தில் படுத்திருந்த வாடை, மூக்கில் ஏறியது. அதை அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். ஒருவேளை கோவர்த்தனன் வீட்டுச் சமையல்காரி ரேஷன் அரிசி. ஒருவேளை காக்கை கொண்டுவந்து. ச்சீ.

“ஏழாவது,” என்றார் கோவர்த்தனன், குரல் உடைந்து. “மருதாசலம் அண்ணன் நோட்டீஸ் விசயம். அண்ணா, நான் முன்னாடியே ஒண்ணு சொல்லிக்கறனுங்க, அந்தக் கல்லப் புடுங்கினது வந்து, டிரைனேஜுக்காக…” “உக்காருங்க,” என்றார் மருதாசலம். எழுந்து நின்றார். நின்றதும் தோள் தானாக விரிந்தது, மேலே ஒலிபெருக்கி இருப்பதுபோல மோவாய் உயர்ந்தது. எத்தனை வருடமாயிற்று. “சாட்சிக்கு ரெண்டு பேர் எந்திரிச்சு நில்லுங்க.” பிறகு பின்வரிசைக் கேலிக்காரர் எழுந்தார், இப்போது அவர் முகத்தில் கேலி இல்லை. பெண்கள் பக்கம் ஜெயசித்ரா, சிரிப்பு மிச்சமிருந்த முகத்தோடு, பக்கத்திலிருந்த அக்காவின் தோளை அழுத்தி ஊன்றிக்கொண்டே எழுந்தாள். மருதாசலம் முதல் குற்றத்திலிருந்து வாசித்தார், தேதி பிசகாமல். ஒவ்வொன்றுக்கும் கோவர்த்தனனின் வழுக்கையில் வியர்வை அரும்பியது. முதல் நாலும் அவளுடையவை அல்ல. கோடு ஒன்றுதானே போட்டிருக்கிறார். ஐந்தும் ஒரே கையின் வேலை என்று அச்சில் ஏற்றியாயிற்று, ஐம்பது வீட்டில் இருக்கிறது, அச்சில் ஏறியதை மாற்றிச் சொல்ல அவர் என்ன ஆபீசரா? அந்த ஆள் தப்பித்துப் போகட்டும். ஐந்தாவதை முடித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தபோது பருக்கை நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்தது, குனியவில்லை. காகிதத்தைத் தொடைமேல் வைத்துக் கோட்டின்மேல் எழுதினார். முதலெழுத்துப் போட வேண்டியிருந்தது, போட்டார், அது அவருடைய எழுத்து. காகிதத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் எதுவும் தெரியாத உயரத்துக்கு. பின்வரிசைக்கும் கேட்கும் குரலில் வாசித்தார்:

“ம. பழனாத்தாள். வீட்டு எண் பதினேழு.”